மறு: பழைய காரின் ‘ஸ்பெக்’ – ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

வணக்கம்.

கார் வாங்கும்போது கேட்டுப் போட்டுக்கொள்கிற ஒவ்வொன்றையும் ‘ஆப்ஷன்’ என்கிறார்கள், ஒரு வண்டியில் இருக்கிற ஆப்ஷன்களின் மொத்தத்தை ‘ஸ்பெக்’ என்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. சொல்லுக்குப் போகுமுன் ஐயா இங்கே அனுப்பிய, ஒரு பழைய காரில் ஆலை ஒட்டிய ஆப்ஷன் ஸ்டிக்கரின் படத்தை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுவோம். எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்க்காமலே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வண்டி போர்ஷே 911, 993 தலைமுறை. 1998இல் உற்பத்தி முடிந்த, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட கடைசி 911 அதுதான். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்மூடியைத் திறந்தால் டிக்கி. அந்த மூடியின் உட்புறத்தில்தான் இந்த வெள்ளை ஸ்டிக்கர். கீழ்ப்பகுதியில் மூன்றிலக்க எண்கள் வரிசையாக இருக்கின்றன பாருங்கள், பேச்சில் அவற்றுக்கு முன்னால் ஓர் ‘எம்’ சேர்த்துக்கொள்வார்கள். மூலை கொஞ்சம் உரிந்திருந்தாலும் 030, 139, 220, 425, 498 ஆகிய ஐந்தும் தெளிவாகவே தெரிகின்றன.

030 ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன், அதாவது விறைப்பான ஸ்பிரிங் அமைப்பு. 220 என்பது, பிடிப்பில்லாத ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றி இழுவை போய்விடாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல். இரண்டும் வேகமாக ஓட்டத் தெரிந்தவர் கேட்டு வாங்குபவை. சரி, அப்படிப்பட்டவர் 425ஐ, அதாவது பின்கண்ணாடி வைப்பரை, எதற்காகக் கேட்டார்? எடைதானே கூடும்? 139 இன்னும் வேடிக்கை. இடது சீட்டுக்கு மட்டும் ஹீட்டர். வலது சீட்டுக்கான 340 பட்டியலில் இல்லை. ஏசிக்கான 573உம் இல்லை. 498 என்றால், பின்னால் மாடல் பெயரே ஒட்ட வேண்டாம் என்று பொருள்.

> தொழிற்சாலையில் மிச்சம் கிடந்ததை எல்லாம் மாட்டி அனுப்பியிருப்பார்கள் :-)

அப்படித் தோன்றவில்லை. 498 எல்லாம் யாராவது கேட்டால்தான் வரும். விடை அதே ஸ்டிக்கரில் இருக்கிறது. நாட்டுக் குறியீடு சி00, அதாவது ஜெர்மனி. ஸ்டியரிங் இடப்பக்கம், ஆகவே சூடாவது ஓட்டுகிறவர் சீட்டு. குளிரிலும் மழையிலும் பெரும்பாலும் தனியாகவே, நன்றாக விரட்டி ஓட்டிய ஒருவர். எந்த மாடல் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல விரும்பாதவர். இப்படி வைத்துக்கொண்டால் ஐந்து எண்களும் பொருந்திவிடுகின்றன. ஷோரூமில் விற்க வேண்டுமே என்று டீலர் ஆர்டர் போட்ட வண்டி என்றால் முதலில் ஏசி இருந்திருக்கும்.

> ஏசியை இடையில் யாரோ கழற்றியிருக்கலாமே?

கழற்றியிருந்தால் வண்டியில்தான் இருக்காது, ஸ்டிக்கரில் 573 இருக்கும். ஸ்டிக்கர் சொல்வது வண்டி ஆலையை விட்டு வந்தபோது இருந்த நிலையை மட்டும். அதனால் வாங்கப் போகிறவர் இதைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அதே ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, பிறகு இரண்டையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். மூடியில் ஸ்டிக்கரே இல்லை என்றால் மூடியை எப்போது மாற்றினீர்கள், எங்கே இடித்தீர்கள் என்று விற்கிறவரைக் கேளுங்கள்.

இனி சொல்.

> ஆப்ஷன் = கூடுதல் வசதி. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 498இல் எதுவும் கூடவில்லை, வசதியும் இல்லை. இன்னும் நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான 1967 கார்வெட். அதில் எல்88 எஞ்சினைக் கேட்டவருக்கு ரேடியோ கிடையாது, ஹீட்டரும் கிடையாது. ஹீட்டரை நீக்குவதற்கே சி48 என்று தனிக் குறியீடு. அதோடு கனரக பிரேக், கனரக சஸ்பென்ஷன், எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் டிரான்சிஸ்டர் இக்னிஷன் எல்லாம் கட்டாயம் கூடவே வரும். இத்தனைக்கும் பட்டியலில் எல்88க்குப் போட்ட குதிரைத்திறன் 430. அதே காருக்குக் கிடைத்த, அதைவிடச் சாதுவான எல்71 எஞ்சினுக்கு 435! பந்தயத்துக்கான எஞ்சின் சாதாரண வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்றுதான் குறைத்துப் போட்டார்கள் என்பது ரசிகர்களின் பேச்சு. அந்த ஆண்டு எல்88 எஞ்சினோடு மொத்தமே 20 வண்டிகள்தான் போயின. ரேடியோவும் ஹீட்டரும் இல்லாத அந்த வண்டியை ‘கூடுதல் வசதிகள் கொண்டது’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

> விருப்பத்தேர்வு ஏற்கெனவே அகராதியில் இருக்கிறதே, அப்புறம் ஏன் புதுச்சொல்?

இது வலுவான வாதம்தான் அம்மா. எனக்கு இடிப்பது ‘விருப்பம்’ மட்டும். எல்88ஐ விரும்பியவர் டிரான்சிஸ்டர் இக்னிஷனையும் விரும்பினார் என்று எப்படிச் சொல்வது? அது இழுபட்டு வந்தது. டீலர் போடும் ஆர்டரில் விருப்பம் யாருடையது? மேலும் இதன்மேல் இன்னொரு சொல்லைக் கட்ட முடியவில்லை. ‘விருப்பத்தேர்வுக் குறியீட்டுப் பட்டியல்’ என்று ஒரு கட்டுரையில் நாலு முறை எழுதினால் எழுதுகிறவருக்கே மூச்சு வாங்கும்.

‘தெரிவு’ போதும். இலங்கை எழுத்தில் நன்றாகப் புழங்குகிற சொல். தேர்வு என்றால் பரீட்சையும் நினைவுக்கு வரும், தெரிவில் அந்தத் தொல்லை இல்லை. முக்கியமாக, சேர்ப்பதும் தெரிவு, விடுவதும் தெரிவு. குறியீட்டைத் தெரிவெண் என்கலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் எல்88இல் எழுத்தும் இருக்கிறதே, ஆகவே தெரிவுக்குறி. வேண்டாம் என்பதற்கான குறி நீக்கத்தெரிவு. ஒன்றைக் கேட்டால் கட்டாயமாக வருவது உடன்தெரிவு.

கடைசியாக ‘ஸ்பெக்’. ஒரு வண்டியில் இருக்கிற தெரிவுகள் எல்லாம் சேர்ந்த மொத்தம், நம் தலையைக் குடைகிற அந்த விசித்திரச் சேர்க்கை.

> தெரிவுக்கலவை?

கலந்தபின் எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாததைத்தான் கலவை என்போம். இங்கே ஒவ்வோர் எண்ணும் தனியாக நிற்கிறது, 139 இருந்தும் 340 இல்லாததைப் பார்த்துத்தானே ஆளையே ஊகித்தோம். ‘தொகுப்பு’ என்றால் நிறுவனமே கட்டி விற்கும் பேக்கேஜோடு குழம்பும், அதை அங்கேயே விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு தெரிவுக்கோவை. மும்மணிக்கோவையில் வெவ்வேறு பாவகைகள் மாறி மாறித் தொடுக்கப்பட்டும் தத்தம் வடிவத்திலேயே நிற்கிற மாதிரி, இதிலும் ஒவ்வொரு தெரிவும் தானாகவே நிற்கும். ஊர்ப்பெயரோடு குழம்பாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். முன்னால் ‘தெரிவு’ இருக்கும்போது யாரும் பஸ் ஏறிவிட மாட்டார்கள்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இந்த 911இன் தெரிவுக்கோவை வழக்கத்துக்கு மாறானது, ஏசி இல்லை, ஆனால் பின் வைப்பர் உண்டு.” எனக்கு உறுத்தவில்லை. “நல்ல கோவை” என்று பேச்சில் சுருக்கவும் வருகிறது.

நீக்கத்தெரிவு மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை, ஏற்கெனவே செய்த தெரிவை நீக்குவதுபோலவும் ஒலிக்கிறது. ‘விடுதெரிவு’ பரவாயில்லையா? வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற நான்குக்கும் மறுப்பு வராவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.