காதுகுத்து வேலைக் குழு 👂

செல்வி அத்தை: தாம்பூலப் பை வந்திருச்சு. 250. துணிப்பைதான், பிளாஸ்டிக் இல்ல 😊

கார்த்தி: அத்தை, படத்துல நூலே தெரியலையே. ஓரத்துல துளியூண்டு வெட்டி நெருப்புல காட்டுங்க

செல்வி அத்தை: நல்ல காரியத்துக்கு வாங்குனத கொளுத்தச் சொல்றான் பாரு

செல்வி அத்தை: 😳 சுருண்டு மணி மாதிரி ஆயிருச்சு. ஒரே நாத்தம்

கார்த்தி: பாலிப்ரொப்பிலீன் அத்தை. டிபன் டப்பா செய்ற பிளாஸ்டிக். பருத்தின்னா சாம்பலாயிருக்கும். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல தடை பண்ணுன 14 சாமான்ல இந்தப் பையும் உண்டு

பெரியப்பா: தடைன்னா கடையில எப்படிடா அடுக்கி வச்சிருக்கான்?

கார்த்தி: நாம கேக்குறோம், அவன் வைக்கிறான் பெரியப்பா. டீக்கு யாரு பேப்பர் கப் சொன்னது? அதுவும் அந்த லிஸ்ட்ல இருக்கு

முருகன் மாமா: நான்தான். பேப்பர்தானடா அது?

கார்த்தி: உள்ள பாலித்தீன் பூச்சு மாமா. இல்லாட்டி டீ ஊறி ஒழுகிரும். கரக்பூர் ஐஐடில 100 மில்லி சூடான தண்ணிய கால் மணி நேரம் ஊத்தி வச்சுப் பாத்தாங்க. 25,000 நுண்துகள் கலந்திருக்கு

முருகன் மாமா: நான் டீய ரெண்டு நிமிஷத்துல குடிச்சிருவேன் 😎

பெரியப்பா: நம்ம மதுரை தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார் பிளாஸ்டிக்க வச்சு ரோடே போட்டாரு. 2018ல பத்மஸ்ரீ. கப்ப அதுக்குக் குடுத்துரலாமே

கார்த்தி: அதுக்குத் தனியாப் பிரிச்ச பிளாஸ்டிக் வேணும். சாம்பார் இலையோட ஒரே சாக்குல கட்டுனா நேரா வெள்ளைக்கல் குப்பைமேடுதான்

திவ்யா: சோள மாவுல செஞ்ச கப்பு கிடைக்குதாம்டா. மக்கிருமாம்

கார்த்தி: கிட்டத்தட்ட 60 டிகிரி சூட்டுல வாரக்கணக்கா வச்சாத்தான்க்கா மக்கும். அப்படி ஒரு உரக்கிடங்கு நம்ம ஏரியாவுல எங்க இருக்கு? சாப்பாட்டுக்கு வாழை இலை, பாயசத்துக்குத் தொன்னை. டீக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுப்போம்

செல்வி அத்தை: கழுவுறது யாரு?

செல்வி அத்தை: சொல்லு சாமி. மாத்தணும்னு ஆம்பளைங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. அடுப்படியில நிக்கிறது நானும் உங்க அம்மாவும்

கார்த்தி: நான் கழுவுறேன் அத்தை

திவ்யா: தாய்மாமன் நீ! புள்ளைய மடியில வச்சுக்கிட்டா டம்ளர் கழுவுவ?

கார்த்தி: காது குத்தி முடிஞ்சதும் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வர்றேன். இன்னும் நாலு பேர் வேணும். பேர் குடுங்க

கார்த்தி: 23 பேர் பாத்துட்டீங்க, புளூ டிக் காட்டுது

முருகன் மாமா: துடைச்சு அடுக்குறேன். கழுவ மாட்டேன்

பெரியப்பா: எனக்கு முட்டி வலி. பந்தியில டம்ளர் பொறுக்கிக் குடுக்குறேன்

திவ்யா: அந்த 250 பை என்ன ஆச்சு?

செல்வி அத்தை: கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்கிறான். வச்சுக்குவோம், காய் வாங்க கிழியுற வரைக்கும் ஆகும். பக்கத்துத் தெரு தையக்காரப் பொண்ணுகிட்ட மஞ்சப்பைக்குச் சொல்லிட்டேன். முன்பணம் கார்த்தி கணக்குல 😌

கார்த்தி: அத்தை…