வல்லிலைத் திணை: உயரத்தை விட்டு இலையைப் பிடிப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கோடை வறண்டு குளிர்காலத்தில் மழை பெறும் நிலங்களில், மரமும் புதரும் கலந்த உயிர்த்தொகுதிக்கு (ஒரே பருவநிலையில் சேர்ந்து வாழும் செடி, விலங்குக் கூட்டத்துக்கு) என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: குறுங்காடு, புதர்க்காடு, மத்தியதரைக்கடல் வகைக் காடு. மூன்றுமே எனக்கு நிறைவாக இல்லை. வல்லிலைத் திணை என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது சொல்லை முதலில் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் மழை, கோடையில் மாதக்கணக்கில் வறட்சி. இந்தப் பருவம் வாய்த்த பெரும்பகுதிகள் உலகில் ஐந்துதான்: மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகள், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். இந்த ஐந்தில் நான்குக்கு அந்தக் கடலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லாம் சேர்ந்து உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் வரும். ஆனால் தாவர இனங்களில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. அங்கங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் நிலத்துக்குத் தாங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சில் மாக்கி, கலிபோர்னியாவில் சாப்பரல், சிலியில் மத்தோரல், கேப்பில் ஃபைன்போஸ், ஆஸ்திரேலியாவில் நூங்கார் பழங்குடி மக்களின் குவாங்கன். சாப்பரல் புதருக்குள் குதிரையில் போகிறவர்கள் கால் கிழியாமலிருக்கக் கட்டிக்கொண்ட தோலுறைக்கும் அந்தப் புதரின் பெயரே வந்து சேர்ந்தது. அவ்வளவு முரட்டுப் புதர் அது.

அப்புறம், குறுங்காடு, புதர்க்காடு. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டும் உயரத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். இந்த நிலத்தில் உயரம் நிலையானது இல்லை. ஒரு மலைச்சரிவு இன்று இடுப்பளவு புதராக இருக்கும். ஆட்டையும் கோடரியையும் சில பத்தாண்டுகள் தள்ளி வைத்தால், பல இடங்களில் அதே சரிவில் ஓக் மரம் நிற்கும். தீ வந்துபோனால் மறுபடி முழங்காலளவு. பல இடங்களில் உயரத்தை முடிவு செய்தது மனிதன்தான். அவன் செய்துவைத்த ஒரு நேரத்து நிலைமையை நிலத்தின் பெயராக ஆக்குவது சரியாகப் படவில்லை.

'குறு' என்ற அடைமொழியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குட்டையாக இருந்தால் அது வளராமல் போன காடு, ஏதோ குறைபட்ட காடு என்று நினைக்க வைத்துவிடும். கேப் பகுதியில் நடந்தது இதுதான். மரமில்லாத மலை வெறும் மலை என்று எண்ணி, வெளியிலிருந்து பைன் மரங்களையும் ஆஸ்திரேலிய வேல மரங்களையும் கொண்டுவந்து நட்டார்கள். அவை ஃபைன்போஸுக்குள் பரவி, ஓடைகளுக்குப் போகவேண்டிய நீரையும் குடித்தன. 1995 முதல் அரசே ஆள் வைத்து அவற்றை வெட்டி அகற்றி வருகிறது. ஃபைன்போஸ் சிதைந்துபோன காடு அல்ல. தானாகவே அப்படி வளர்ந்த நிலம்.

உயரம் மாறினாலும் மாறாதது இலை. ஓக், ஆலிவ், யூகலிப்டஸ் மரங்கள் ஆகட்டும், சாப்பரலின் முள்ளடர்ந்த புதர் ஆகட்டும், இலை பெரும்பாலும் தடித்து, தோல் போல விறைத்து, மேலே மெழுகு பூசியிருக்கும். மடித்தால் வளையாது, முறியும். கோடை முழுவதும் அந்த இலையை உதிர்க்காமல் தாங்குவதுதான் இந்தச் செடிகளின் பிழைப்பு. ஜெர்மானியத் தாவரவியலாளர் சிம்பர் 1898இல் 'கடின இலை' என்று கிரேக்க வேர்களிலிருந்து சொல் ஆக்கியதும் இதைப் பார்த்துத்தான். வல்லினம் போல வல்லிலை. லாவெண்டர், ரோஸ்மேரி, கரையோர சேஜ் புதர்கள் எல்லாவற்றுக்கும் இது அச்சாகப் பொருந்தாதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் நிலத்தின் முகத்தைக் காட்டும் இலை எது என்றால் வல்லிலைதான்.

சரி, ஏன் 'திணை'? தொகுதி என்றால் செடியும் விலங்கும் மட்டும்தான் நினைவுக்கு வரும். திணை என்னும்போது அங்கே வாழும் மக்களின் தொழிலும் உணவும் உடன் வருகின்றன. இந்த நிலத்துக்கு அது கட்டாயம் வேண்டும். பட்டையிலிருந்து தக்கை தரும் தக்கை ஓக் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் தக்கைக்காக அந்த மரத்தை யாரும் வெட்டுவதில்லை. கோடாரி முனையால் பட்டையைக் கீறி, உள்தோல் காயப்படாமல் நெம்பிப் பலகை பலகையாக உரிக்கிறார்கள். உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் நிற்கும். அதன்மேல் அந்த ஆண்டின் கடைசி எண்ணை வெள்ளைச் சாயத்தில் எழுதிவிடுவார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகள் யாரும் தொடக்கூடாது. அடியில் ஆடும் பன்றியும் மேய்கின்றன. உரிக்க ஆள் இல்லாமல் போனால் அந்தக் காடு புதரேறி எரிவதும் எளிதாகிவிடும். மனிதனை வெளியே நிறுத்திவிட்டு இந்த இடத்தை எப்படி விளக்குவது?

தீயும் அப்படித்தான். நூங்கார் மக்களும் கலிபோர்னியப் பழங்குடிகளும் சிறு சிறு தீ வைத்து நிலத்தைப் பேணினார்கள். பழங்குடிகள் குறித்து 1850இல் கலிபோர்னியா போட்ட சட்டம் புல்வெளிக்குத் தீ வைப்பதையே தண்டனைக்குரியதாக்கியது. இப்போது தென் கலிபோர்னியச் சாப்பரலின் சிக்கல் வேறு: குடியிருப்புகளும் சாலைகளும் நெருங்கியதால் தீ அடிக்கடி வருகிறது. புதர் விதை கட்டுவதற்குள் மறுபடி எரிந்து, அங்கே வெளிநாட்டுப் புல் ஏறிவிடுகிறது.

எரிந்த பிறகு கருகிய கட்டையின் அடியில் கைப்பிடி கைப்பிடியாகப் பச்சைத் துளிர் கிளம்பும். மண்ணுக்குள் புடைத்திருக்கும் அந்த அடிப்பாகத்துக்குத் தூர்க்கிழங்கு என்று சொல்லலாம். தூர் என்றாலே செடியின் அடி என்பது எல்லோருக்கும் தெரியும்.

பழைய சொல்லான இறும்பு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. குறுங்காடு என்றே அகராதியும் பொருள் தருகிறது. ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பேர் இரும்பு என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

இனி ஒன்று பாக்கி. தக்கை ஓக் நிற்பதுபோல் மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, நிழலோடு நிழல் தொடாமல் இருக்கும் காட்டுக்குத் தனிச்சொல் வேண்டும். அடர்காட்டுக்கு எதிராக ஐதுகாடு என்கிறேன். ஐதான கரைசல் என்று வேதியியலில் சொல்வோமே, அதே ஐது. ஆடு மேய்ப்பவர்கள் வாயில் இதைவிட இயல்பான சொல் புழங்குவதை யாராவது கேட்டிருந்தால் எழுதுங்கள், ஐதுகாட்டை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்வோம்.