பதினெட்டடி மேசையில் வந்தவாசி

அப்பாவோடும் மகளோடும் மேசைமேல் ஒரு பழைய போரை ஆடிய என் அனுபவம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். வாராவாரம் ஒரு சமூகக் கூடத்தில் கூடி, சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பகடை போட்டு ஆடும் மினியேச்சர் போர் ஆட்டக் குழுவில் நாலு வருஷமாக நானும் ஒருவன். பெரும்பாலும் நெப்போலியன் காலத்துப் போர்கள்தான். போன வருஷம் குழுவின் மூத்தவர் ஒரு வரைபடத்தை விரித்து, "அடுத்தது வாண்டிவாஷ்" என்றார். அது வந்தவாசி என்று எனக்கு உறைக்கவே ஒரு நிமிஷம் ஆனது. அப்பாவின் சொந்த ஊர் அங்கிருந்து எட்டே மைல். அந்தச் சமயம் அவரும் எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார்.

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த லாலியின் பிரெஞ்சுப் படையோடு, அயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மோதிய நாள். பள்ளியில் எனக்கு அது ஒரு மார்க் கேள்வி. இங்கே ஒரு பொம்மைக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டால், 28 மில்லிமீட்டர் பொம்மைகள் எண்ணூறுக்கு மேல் வேண்டும். எட்டுப் பேர் பங்கு போட்டோம். எங்கள் வீட்டுக்கு வந்தது நூற்றிருபது.

பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துக் காயவைப்பது என் வேலை. பதினோரு வயது மகள் பிரெஞ்சுப் படையின் லொரேன் ரெஜிமெண்ட்டின் வெள்ளைக் கோட்டுகளை எடுத்துக்கொண்டாள். லாலி ரெஜிமெண்ட்டுக்குச் சிவப்புக் கோட்டு என்றதும் நம்பவில்லை. அவர்கள் பிரெஞ்சு அரசனிடம் வேலை பார்த்த ஐரிஷ்காரர்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. அப்பா சிப்பாய்ப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இதுல நம்மாளுங்க எவ்ளோ பேரு?" என்று கேட்டார். அயர் கூட்டின் காலாட்படையில் பாதிக்கு மேல் சிப்பாய்கள் என்றேன். "அப்ப எல்லாருக்கும் ஒரே நெறம் அடிக்காத. நம்ம ஊர்ல ரெண்டு பேரு ஒரே நெறமா இருக்காங்களா?" பழுப்பில் நாலு விதம் கலந்தோம். கூட், லாலி, இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பெயர்களைப் புத்தகங்கள் சொல்கின்றன. இந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அந்த நாலு நிறத்தைப் பார்த்த பிறகு அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை அப்பாவையும் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். பிரெஞ்சுப் படையின் இடது ஓரத்தில் நம்மூர் ஏரியை வரைபடம் 'டேங்க்' என்று காட்டிய இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் நீலத் தண்ணீர் வைத்திருந்தார்கள். "இன்னாடா இது, குட்டை மாதிரி வெச்சிருக்காங்க? ஏரின்னா கரை வேணாமா? கரைக்கு இந்தாண்ட ஆளு நின்னா அந்தாண்ட இருக்கிறவனுக்குத் தெரியுமா?" அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். மூத்தவர் எழுந்துபோய் ஒரு பெரிய தெர்மாகோல் துண்டோடு வந்து, அப்பா கையில் பென்சிலைக் கொடுத்தார். அப்பா வரைந்த கோட்டில் மூன்றடி நீளத்துக்குக் கரை எழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஏன் அங்கே பீரங்கி வைத்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

வயலுக்கும் அப்பாதான் வழி சொன்னார். ஊரிலிருந்து எங்களுக்குக் கொண்டுவந்திருந்த வந்தவாசிக் கோரைப்பாயில் பாதியை வெட்டச் சொன்னார். பொங்கல் கழிந்த சமயம், அறுத்த தாள்தானே நிற்கும் என்றார். பழுப்பு மேசையில் அந்தப் பாய்த் துண்டுகளைப் பரப்பினதும் கூடமே எங்கள் ஊர் மாதிரி ஆகிவிட்டது.

ஆட்டம் காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஆறு வரை போனது. மகளிடம் லொரேன், நேர் எதிரே என்னிடம் அயர் கூட்டின் ரெஜிமெண்ட். அவள் வரிசையாக விரிக்காமல் நெருக்கிய அணியாக நேராக என்மேல் வந்தாள். ஆறு அங்குலம் வரும்வரை நான் சுடவில்லை. சுட்டதில் முன்வரிசை போனது, ஆனாலும் மோதினாள். கைகலப்பில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். அன்று நிஜ லொரேனும் இப்படித்தான் வந்து இப்படித்தான் உடைந்தது என்று மூத்தவர் சொன்னதும், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். "சொல்லியிருந்தால் நீ வேறு மாதிரி வந்திருப்பாய்" என்றார் அவர்.

ஒன்பதாவது சுற்றில் ஏரிக்கரையில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி வெடித்தது. நடுவர் ஒவ்வொரு பீரங்கிச் சூட்டுக்கும் ரகசியமாகப் பகடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நிஜத்திலும் அங்கே ஒரு வண்டி வெடித்து எண்பது பேர் அளவுக்கு விழுந்தார்கள். எங்கள் மேசையில் எட்டுப் பொம்மைகளை எடுத்தோம். அப்பா அந்த எட்டையும் கையில் வாங்கி, பெட்டியில் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்தார்.

*

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அண்ணா. நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். 2019 ஜூனில் இங்கே பல்கலைக்கழகத்தில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை மேசையில் நடத்தினார்கள். 28 மி.மீ. பொம்மைகளே 22,000க்கு மேல். முன்னாள் படைவீரர்களை அந்தப் போர்க்களத்து அகழாய்வில் சேர்த்துக்கொள்ளும் அமைப்புக்கு நிதி திரட்டத்தான் அந்த ஏற்பாடு. எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: இந்த முனையில் ஆடுகிறவருக்கு அந்த முனையில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. சின்ன மேசையில் எல்லோருக்கும் எல்லாமே தெரியும், அது வேறு ஆட்டம். லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி செய்து 1838-ல் மக்கள் பார்வைக்கு வைத்த, வாட்டர்லூ போர்க்களத்தின் சிறிய மாதிரி ஒன்று இருக்கிறது. முடிந்தால் பாப்பாவைக் கூட்டிப் போங்கள்.

*

ஒரு சந்தேகம். எட்டுப் பேர் ஆடினால் ஒரு சுற்றுக்கே அரைமணி ஆகுமே, பிள்ளை எப்படி உட்கார்ந்திருந்தாள்?

*

உட்காரவில்லை. அளக்கிற டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டோம். மேசையைச் சுற்றி எல்லோருக்கும் அவள்தான் அளந்து சொன்னாள், பெரியவர்களும் அவள் சொன்ன அங்குலத்துக்கு மறுபேச்சுப் பேசவில்லை. மதியம் எலுமிச்சைச் சாதத்தை அப்பாவே எல்லோருக்கும் பரிமாறினார்.

சைபோர்ன் மாதிரியைக் கட்டாயம் பார்க்கிறோம் தம்பி. அப்பா ஊருக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அந்தக் கரை கூடத்து அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. அடியில் மார்க்கரால் 'ஏரி' என்று தமிழில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது எங்கள் குழுவில் யாரும் அதை டேங்க் என்று சொல்வதில்லை.