தூணின் அடியில் ஜல்லி தெரிகிறது: கலவை பூசி மூடிவிடலாமா?

கேள்வி (வீடு கட்டுபவர், மணப்பாறை):
வணக்கம். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு கட்டி வருகிறோம். தூண்களுக்குக் கான்கிரீட் போட்டு, பலகையைப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டு தூண்களின் அடியில், பிளிந்த் பீமுக்கு (தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் உத்தரம்) சற்று மேலே, சிமென்ட் பால் பிடிக்காமல் ஜல்லிகள் தனித்தனியாக நிற்கின்றன. ஒன்றில் கம்பியே வெளியே தெரிகிறது. ஒன்றுக்கு மூன்று சிமென்ட்-மணல் கலவை பூசினால் போதும் என்கிறார் மேஸ்திரி. அடுத்த வாரம் கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்க இருக்கிறார்கள். அவர் சொல்வதை ஏற்கலாமா?

மறுமொழி (கட்டமைப்புப் பொறியாளர்):
தயவுசெய்து பூச விடாதீர்கள். பூசிவிட்டால் ஆழம் தெரியாமல் போய்விடும். இங்கே முடிவெடுக்க வேண்டியதே ஆழத்தை வைத்துத்தான். கான்கிரீட்டில் ஐந்து சதவீத வெற்றிடம் இருந்தாலே வலிமை ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும் என்பதால், கூரையின் சுமை முழுவதும் இறங்கும் தூணின் அடியில் இதைச் சிறு குறையாகக் கருத முடியாது. உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, தளர்ந்த ஜல்லிகளைக் கெட்டியான கான்கிரீட் வரும்வரை தட்டி எடுக்கச் சொல்லி, குழி கம்பிக்கு வெளியே அதை மூடியிருக்கும் 40 மி.மீ. கான்கிரீட்டுக்குள் (கவர்) நிற்கிறதா, கம்பியைத் தாண்டி உள்ளே போகிறதா என்று அளந்து பாருங்கள். அதுவரை சென்ட்ரிங் வேலை நிற்கட்டும்.

மறுமொழி (தளக் கண்காணிப்பாளர்):
ரீபவுண்ட் ஹேமர் சோதனை போதும் என்று யாராவது சொன்னால், அது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளிருக்கும் வெற்றிடத்தைக் கண்டறிய மீயொலித் துடிப்புச் சோதனையே பொருத்தமானது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் பொறியாளர் முன்னிலையில் தட்டிப் பார்த்தோம். ஒரு தூணில் குழி கவருக்குள்ளேயே நின்றுவிட்டது. கம்பி தெரிந்த தூணிலோ, உளி தூணின் நடுப்பகுதி வரை இறங்குகிறது.

மறுமொழி (கட்டமைப்புப் பொறியாளர்):
முதல் தூணைச் சரிசெய்யலாம். குழியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, தூசியைக் கழுவி, பரப்பை நன்றாக ஈரமாக்கி, மேலே நீர் தேங்காத நிலையில் பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையை அடைத்து நிரப்பச் சொல்லுங்கள்; வெறும் மணலும் சிமென்டும் சேர்ந்த கலவை சுருங்கி ஓரத்தில் விலகிவிடும்.

இரண்டாவது தூணை இடித்துவிட்டு மீண்டும் போடுவதே என் பரிந்துரை. மேலே கூரை இல்லாததால் முட்டுக் கொடுக்கும் தேவையோ பெருஞ்செலவோ இன்று இல்லை. கூரை போட்ட பிறகு இதே வேலை பன்மடங்கு கடினமாகும். இடிக்கும்போது கம்பிகள் வளையாமலும் வெட்டுப்படாமலும் பார்த்துக்கொண்டு, நெகிழ்ந்த ரிங்குகளை (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள்) மீண்டும் கட்டி, பழைய பரப்பைக் கொத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடியில் இப்படி ஆவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: கலவையை உச்சியிலிருந்து கொட்டுவது, பலகையின் அடி இடுக்கு வழியாகச் சிமென்ட் பால் ஒழுகுவது, வைப்ரேட்டரின் ஊசி அடிவரை எட்டாதது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, கலவை விழும் உயரத்தை 1.5 மீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது. ஆகவே பலகையில் பாதி உயரத்தில் ஒரு வாசல் விட்டு, கீழ்ப்பாதியை அதன் வழியாகப் போட்டு, அடுக்கடுக்காக அதிரவைக்கச் சொல்லுங்கள். பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த) சிமென்டாக இருந்தால் குறைந்தது 10 நாள்கள் சாக்கு சுற்றி ஈரம் காயாமல் வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
செலவு யாருடையது?

மறுமொழி (தளக் கண்காணிப்பாளர்):
வேலைத்தரக் குறை என்பதால் ஒப்பந்ததாரருடையது. குழியைப் படமெடுத்து, உங்கள் பொறியாளரின் கருத்தை எழுத்தில் வாங்கி, அடுத்த தவணைப் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்ததாரரிடம் சேர்த்துவிடுங்கள்.