களப் பெட்டியில் குடிநீர்ச் சோதனை: நிறம் எங்கெல்லாம் ஏமாற்றுகிறது? (அனுபவப் பகிர்வு)

டேங்க்ஏணி:
களப் பெட்டி என்றால் லேபுக்குப் போகாமல் ஊரிலேயே தண்ணீரைச் சோதிக்கிற பெட்டி. கிருமியைக் கொல்லத் தண்ணீரில் போடுகிற குளோரினில் இருந்து தொடங்குவோம். எந்தக் குழாயைத் திறக்கிறோம் என்பதிலேயே பாதி விடை வந்துவிடும். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயில் 1 மி.கி. காட்டும், அதே நேரத்தில் தெருக் கடைசி வீட்டில் ஒன்றுமே இருக்காது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 கேட்கிற குறைந்தபட்ச 0.2 மி.கி. (லிட்டருக்கு) பயனாளர் குழாயில் இருக்க வேண்டியது. வைரஸ் அச்சம் இருக்கிற காலத்தில் 0.5. ஆகவே டெயில் எண்டில் (குழாய் லைனின் கடைசி முனையில்) பாருங்கள். வீட்டு சம்ப், சின்டெக்ஸ் வழியாக வருகிற குழாய் ஆகாது. தொட்டியில் கிடந்த தண்ணீரில் குளோரின் போய்விட்டிருக்கும், பழி பஞ்சாயத்து மேல் விழும்.

குளோரோஸ்கோப்பில் (நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளவைப் பார்க்கும் கருவி) ஆர்த்தோடொலிடின் மருந்தை ஊற்றினால் 10 வினாடிக்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கூடுகிற மஞ்சள், அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின். கிருமியைக் கொல்வதில் அது மிகவும் மந்தம். முதலில் வெளிறி, பத்து நிமிடத்தில் அடர்மஞ்சள் ஆனால், அந்த லைனில் சாக்கடை கலக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மருந்து கையில் படாமல் பாருங்கள், அது புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள். டி.பி.டி. மாத்திரை (குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக்குவது) கிடைத்தால் அதுவே மேல்: 1-ம் எண் மாத்திரை தனிக் குளோரினுக்கு (அம்மோனியாவோடு சேராதது), அதோடு 3-ம் எண்ணைச் சேர்த்தால் மொத்தக் குளோரினுக்கு.

மூக்கில் பிளீச்சிங் வாடை அடிக்கிறது, குப்பியில் நிறமே இல்லை. இதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். குளோரின் மிக அதிகமானால் டி.பி.டி.யின் இளஞ்சிவப்பையே அது வெளுத்துவிடும். ஒரு பங்கு தண்ணீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி சோதித்து, வருகிற அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

பிப்பெட்:
அண்ணே, பிளீச்சிங் அளவையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு; பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் அது லிட்டருக்கு 1 மி.கி. தரும். 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். ஆனால் வாய் திறந்த மூட்டை ஈரத்தில் கிடந்தால் 25 சதவீதமெல்லாம் இருக்காது. தண்ணீரும் தன் பங்குக்குக் குளோரினைத் தின்னும்: இரும்பு, அழுக்கு, இலைச் சருகு எல்லாமே. இரண்டையும் ஒரே சோதனையில் சொல்லுகிற பழைய பெட்டி ஒன்று உண்டு, ஹாராக்ஸ். இன்று அலமாரியில் தூசி படிந்து கிடப்பது அநியாயம்.

கறுப்புக் கிண்ணத்தில் ஒரு மட்டக் கரண்டி (2 கிராம்) பவுடரைப் போட்டுக் குழைத்து, கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிடுங்கள். ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் சோதிக்க வேண்டிய தண்ணீர், 200 மி.லி. வீதம். தெளிந்த கரைசலில் முதல் கிண்ணத்துக்கு 1 சொட்டு, இரண்டாவதுக்கு 2, இப்படி ஆறு வரை. தனித்தனிக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொன்றிலும் 3 சொட்டு ஸ்டார்ச்-அயோடைடு (குளோரின் மிச்சம் இருந்தால் நீலமாகும் கரைசல்). தெளிவாக நீலம் வருகிற முதல் கிண்ணத்தின் எண்தான் விடை: 455 லிட்டருக்கு அத்தனை கரண்டி. இரண்டாவது கிண்ணம் நீலமானால் 455 லிட்டருக்கு 4 கிராம், 30,000 லிட்டருக்குச் சுமார் 264 கிராம். வாய்ப்பாட்டில் வந்த 120 எங்கே, இது எங்கே!

பவுடரை அப்படியே டேங்கில் கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும், மோட்டார் ஓடி டேங்க் நிரம்பும்போது ஊற்றுங்கள். அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கலங்கல் 5 என்டியு-வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) மேல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது. மண் துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும்.

நுண்ணுயிர்ப்பிரிவு:
தண்ணீரில் மலக் கலப்பு இருக்கிறதா என்று பார்க்கிற எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) குப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. கறுத்தால் கெட்டது, கறுக்காவிட்டால் நல்லது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள்.

1982-ல் குவாலியரின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட முறை இது. குப்பிக்குள் இருக்கும் பேப்பரில் பெப்டோன், தயோசல்பேட், இரும்பு உப்பு எல்லாம் காய்ந்திருக்கும். மலத்தோடு வருகிற சில பாக்டீரியாக்கள் தயோசல்பேட்டில் இருந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும், அது இரும்போடு சேர்ந்து கறுக்கும். கவனியுங்கள்: மலக் கலப்புக்கு அடையாளமாக லேபில் தேடுகிற பாக்டீரியாவான ஈ.கோலை இந்தக் கறுப்பைத் தருவதில்லை. கறுப்பாக்குவது அதோடு கூட வருகிற சிட்ரோபாக்டர், சால்மோனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் வகையறா. ஆகவே 'ஈ.கோலை உண்டு' என்று பதிவேட்டில் எழுதாதீர்கள், 'மாசு சந்தேகம்' என்று எழுதுங்கள்.

குழாய் முனையைத் துடைத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்திச் சுட்டு (உலோகக் குழாய்க்கு மட்டும்), இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். மூடியின் உட்புறத்தைத் தொடாமல் குறி வரை, பெரும்பாலும் 20 மி.லி., பிடிக்க வேண்டும். 30 முதல் 37 டிகிரியில் 24 மணி நேரம் பார்த்து, கறுக்காவிட்டால் 48 வரை. சமவெளியில் அறை வெப்பமே போதும். கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் வெளியே வைத்தால் கெட்ட தண்ணீரும் நல்ல பெயர் வாங்கிவிடும். அங்கே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிண்டலுக்கு உரியதல்ல, உடம்பின் சூடு வேலை செய்யும்.

சில நிமிடங்களிலேயே கறுத்தால் அது பாக்டீரியா வேலை கிடையாது. தண்ணீரிலேயே சல்பைடு இருக்கிறது. அழுகிய முட்டை வாடை அடிக்கிற ஆழ்துளைக் கிணறுகளில் இது சகஜம். ஒவ்வொரு தடவையும் கொதித்து ஆறிய நீரில் ஒரு குப்பி கூடவே வையுங்கள்; அதுவும் கறுத்தால் அந்த பேட்சையே நம்பாதீர்கள். கறுத்த குப்பி ஒரு கிருமிப் பண்ணை. பிளீச்சிங் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் கொட்ட வேண்டும், கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது.

லேபுக்கு அனுப்பும்போது நடக்கிற பெரிய கோளாறு பாட்டிலை அலசுவது. ரசாயனச் சோதனைக்கு அதே தண்ணீரால் மூன்று முறை அலசுவதுதான் முறை. கிருமிச் சோதனைப் பாட்டிலை அலசவே கூடாது. அதில் போட்டிருக்கிற, குளோரினைப் போக்குகிற சோடியம் தயோசல்பேட் போய்விட்டால், வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், முடிவு சுத்தம் என்று வரும். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24-ஐத் தாண்டினால் வீண்.

தர்மபுரிக்காரர்:
எங்கள் தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் புளோரைடுதான் தொல்லை. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மி.கி., மாற்று வழியே இல்லாவிட்டால் 1.5. பெட்டியில் இருப்பது சிர்கோனியம் சாயம். புளோரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு போய் மஞ்சளாகும். சிக்கல் என்னவென்றால் 1.0-க்கும் 1.5-க்கும் இடையில்தான் கண் தடுமாறும், நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான். நிழலில், வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் லேபுக்கு, அதுவும் பிளாஸ்டிக் பாட்டிலில்.

குளோரின் போட்ட தண்ணீரில் சாயமே வெளுத்து, புளோரைடு அதிகம் என்று காட்டும். ஒரு துளி தயோசல்பேட் விட்டுக் குளோரினைப் போக்கிய பிறகு சோதியுங்கள். இன்னொன்று, 2013-ல் காவிரியில் இருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், போர்வெல் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும் ஒரே டேங்கில் ஏற்றினால் அளவு வேளைக்கு வேளை மாறும். எந்த மோட்டார் ஓடியது என்று ஆபரேட்டரிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த அளவுக்கு மதிப்பே இல்லை.

பிப்பெட்:
நைட்ரேட்டுக்கும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. நம் வரம்பு 45 மி.கி., நைட்ரேட்டாக. வெளிநாட்டு ஸ்டிரிப் (நிறம் மாறும் சோதனைப் பட்டை) பலவும் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு, நைட்ரஜனாகக் காட்டும். அதில் 10 என்றாலே நம் கணக்கில் 44. அட்டையில் எந்த அலகு என்று பார்த்து, நைட்ரஜன் என்றால் 4.43-ஆல் பெருக்குங்கள். '20தானே, பரவாயில்லை' என்று விடப்பட்ட கிணறு உண்மையில் கிட்டத்தட்ட 89 ஆக இருக்கும்.

மீட்டர்தம்பி:
டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பேனா பற்றி யாரும் பேசவில்லையே அண்ணே? ஆர்.ஓ. விற்பவர்கள் அதைத்தானே முதலில் முக்குகிறார்கள்?

டேங்க்ஏணி:
தம்பி, அந்தப் பேனா மின்கடத்துத் திறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது, அவ்வளவுதான். கடத்துத்திறன் 1000 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே தண்ணீர், 0.5-ஆல் பெருக்குகிற பேனாவில் 500, 0.7-ஆல் பெருக்குகிற பேனாவில் 700. முதலாவது ஏற்கத்தக்க வரம்புக்குள் (500), இரண்டாவது வெளியே! 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் வாங்கி முக்கிப் பாருங்கள், 0.5 பேனா 700-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீர் 300 காட்டலாம், கிருமியோ புளோரைடோ அதில் தெரியாது.

விற்பனைக்காரர் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, குழாய்த் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டுவாரே, அந்த அழுக்கு இரும்புக் கம்பியில் இருந்து கரைந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, இன்னொரு முறை காட்டச் சொல்லுங்கள்.