ஏற்காடு ஏறி இறங்கும் காரில் முன் டயர் ஓரம் தேய்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி உறுப்பினர்:
அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில் இருப்பதால் வாரக் கடைசியில் கார் மலைமேல்தான் நிற்கும். போன வாரம் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்க விட்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் மழுங்கிக் கிடக்கிறது. நடுவில் பட்டை (ட்ரெட்) இன்னும் ஆழமாக இருக்கிறது. என் தம்பியின் காரும் இதே மாடல்தான். சேலம், கோவை என்று நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறது, அதில் இப்படி இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள்தான் காரணமா? அடிக்கடி மேலே போகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கோரிமேடு, வாடகைக் கார் ஓட்டுநர்:
வளைவுதாங்க காரணம். ஆனா வளைவை எப்படி எடுக்கறோம்கறதுலதான் டயரோட ஆயுசே இருக்கு. நான் மேலேயும் கீழேயும் ஓட்டியே பிழைக்கறவன், பார்த்ததைச் சொல்றேன்.

ஏறும்போது வண்டியோட பாரம் பின்னாடி சாஞ்சுடும். நம்ம கார்ல பெரும்பாலும் முன் சக்கரம்தான் இழுக்குது. வளைவுக்குள்ள போய் திணற விட்டு, அங்க ஃபர்ஸ்ட் கியர் போட்டு மிதிச்சா, உள்பக்கச் சக்கரம் பிடி இல்லாம சுத்தும். 'சர்ர்'னு சத்தம் வரும். ஒவ்வொரு சத்தமும் ரப்பர் போறதுதான். வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுட்டு ஒரே சீரா மிதிங்க. முன்னாடி பஸ் போச்சுன்னா நல்லா இடைவெளி விடுங்க. பஸ் திரும்பி முடிக்கறவரைக்கும் நேர் ரோட்டுலயே காத்திருந்தா, நடு வளைவுல நிக்க வேண்டிய வேலையே வராது. நின்ன இடத்துல ஸ்டீரிங்கை முழுசா ஒடிக்கறது டயரைத் தார்மேல வச்சுத் தேய்க்கறதுதான்.

இறங்கறப்பதான் வெளி ஓரம் அதிகமா போகும். பாரம் பூரா முன்னாடி வந்துடும். அதோட பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டே திருப்பினா, வெளிப்பக்க முன் டயரோட தோள்பட்டைதான் எல்லாத்தையும் தாங்கணும். நேர்ல வர்றப்பவே வேகத்தைக் கொறச்சு, செகண்ட் கியர்ல இன்ஜினே வண்டியைப் பிடிக்கற மாதிரி விட்டு, பிரேக்கை விட்டுட்டுத் திரும்புங்க. பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் கொதிச்சா அந்தச் சூடு டயருக்கும் ஏறும்.

இன்னொண்ணு சொல்லணும். மலைக்குப் போறப்ப காத்தைக் கொறச்சா பிடி நல்லா இருக்கும்னு சிலர் சொல்றாங்க. கேக்காதீங்க. காத்து கொறைஞ்சா டயர் மடங்கி ஓரத்துலதான் நிக்கும். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல, அஞ்சு பேர் போனா எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும். அதை வைங்க. அடிவாரத்துல ஏறும் முன்னாடி, டயர் ஆறி இருக்கறப்பவே பாருங்க. இறங்கி வந்து சூடா இருக்கறப்ப மூணு நாலு பாயின்ட் (PSI) கூடக் காட்டும், அதைத் திறந்து விட்டுடாதீங்க.

நாகலூர் (ஏற்காடு மலை) உறுப்பினர்:
சேலத்தில் பிடித்த காற்று மேலே குளிரில் குறையாதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். குளிரில் காற்று சுருங்குவது உண்மை. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் காற்றை அளக்கும் கேஜ் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். மேலே காலையில் நான்கைந்து பாயின்ட் குறைந்திருந்தால் அது குளிர் இல்லை, கசிவு.

எங்கள் பக்கம் தேய்மானத்தைவிட வெட்டுதான் பயம். எஸ்டேட் பாதைகளில் தார் ஓரம் ஒரு சாண் இறங்கியிருக்கும். எதிரே லாரி வந்ததும் பதறி இறக்கி, அந்த விளிம்பிலேயே உரசிக்கொண்டு ஏறுவார்கள். பக்கச் சுவர் கிழிந்துவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததே, அந்த மாதிரி மழைக்குப் பிறகு தாரில் கூர்ங்கல் கிடக்கும். சக்கரத்துக்கு நடுவில் விட்டுப் போக முடியாத கல் என்றால் நின்று அப்புறப்படுத்திவிட்டுப் போவதே நல்லது.

கொண்டலாம்பட்டி, பஞ்சர் கடை நடத்துபவர்:
அஸ்தம்பட்டி சார், தேஞ்ச ஓரத்தைக் குறுக்கால தடவிப் பாருங்க. ஒரு பக்கமா தடவறப்ப வழவழன்னும் எதிர்ப்பக்கமா தடவறப்ப ரம்பப் பல் மாதிரியும் இருந்தா, அலைன்மென்ட்ல டோ அளவு (சக்கரம் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கற அளவு) கோளாறு, வேற கடையிலயும் பாருங்க. ரெண்டு பக்கமா தடவினாலும் ஒரே மாதிரி மழுங்கி இருந்தா ஓட்டுநர் அண்ணன் சொன்ன வளைவுதான். மலைக்குப் போற வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காம, 6,000 - 7,000லயே முன் டயரைப் பின்னாடி மாத்திடுவேன் நான்.

குழியில விழுந்த டயர்ல பக்கவாட்டுல முட்டை மாதிரி வீக்கம் இருந்தா, உள்ளே நூல் அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அதுக்கு ஒட்டு கிடையாது. பக்கச் சுவர்ல ஆணி ஏறினாலும் அப்படித்தான். "இன்னைக்கு ஒருநாள் ஒட்டிக் குடுங்கண்ணா, ஏற்காடு போயிட்டு வந்து மாத்திக்கறேன்"னு கேட்டாங்க ஒரு குடும்பம். பின் சீட்ல குழந்தைங்க. நான் செய்யல. கோவிச்சுக்கிட்டுதான் போனாங்க.

அஸ்தம்பட்டி உறுப்பினர்:
தடவிப் பார்த்தேன் அண்ணா, இரண்டு பக்கமும் வழவழப்புதான். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கலாம் என்று இருக்கிறேன். முன்னால்தானே போட வேண்டும்?

கொண்டலாம்பட்டி, பஞ்சர் கடை நடத்துபவர்:
இல்லைங்க சார், பின்னாடி போடுங்க. எல்லாரும் முன்னாடிதான் கேப்பாங்க. ஈர ரோட்டுல முன் டயர் வழுக்கினா வண்டி நேராத்தான் போகப் பார்க்கும், வேகத்தைக் கொறச்சாத் திரும்பிடும். பின் டயர் வழுக்கினா வண்டியே சுத்திடும், மலையில அதைப் பிடிக்க இடம் இருக்காது. இப்ப பின்னாடி இருக்கறதுல பட்டை நல்லா இருந்தா அதை முன்னாடி கொண்டுவாங்க. பட்டைக்கு நடுவுல குறுக்கே ஒரு மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீட்டர். அதோட சமமா தேஞ்சா சட்டப்படியே ஆகாது. மழைக்காலத்துல மலை ஏறணும்னா 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

வாங்கறப்ப பக்கத்துல நாலு எண் பாருங்க. 2325ன்னு இருந்தா 2025ல 23ஆவது வாரம் செஞ்சது. ஸ்டெப்னியிலயும் அதே எண்ணைப் பார்த்துட்டு, காத்தும் பிடிச்சுட்டுப் போங்க.