பின்னால் இடித்தால் தப்பு யார்மேல்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரிக்காரன்:
"பின்னால வந்தவன் மேலதான் தப்பு" என்று நடுரோட்டில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வண்டி வரிசையாக முட்டிக்கொண்டால்? விஜயநகர் சிக்னலில் என் கார் நின்றிருந்தது. பின்னால் வந்த வேன் இடித்த வேகத்தில் என் கார் நகர்ந்து, முன்னால் நின்ற ஆட்டோவில் முட்டியது. ஆட்டோக்காரர் நேராக என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். வேன்காரரோ, "இவர் முதல்ல ஆட்டோவை இடிச்சிட்டு நின்னாரு சார், அதான் எனக்கு பிரேக் பத்தல" என்று கூசாமல் சொன்னார்.

டிராபிக் ஏட்டு எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனார். "ஏம்மா, இடி ஒண்ணா, ரெண்டா?" "ஒண்ணுதான் தம்பி." நான் முதலில் முட்டியிருந்தால் அந்த அம்மா இரண்டு முறை குலுங்கியிருப்பார். வேன்காரர் பேச்சை நிறுத்திவிட்டு ஓனருக்குப் போன் போட்டார்.

கோவை வக்கீல்:
ஏட்டையா கேட்டதுதான் சரியான கேள்வி. முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் இருந்தது, 2017இல் வந்த புதிய விதிகளிலும் இருக்கிறது. அதனால் பின்னால் வந்தவருக்கு எடுத்த எடுப்பிலேயே பாதகம்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், கார் லாரிக்குப் பின்னால் 10-15 அடியில் போயிருக்கிறது. லாரி திடீர் பிரேக் போட்டது என்று வாதாடியும் எடுபடவில்லை.

ஆனால் அவசியம் இல்லாமல் திடீர் பிரேக் போடக்கூடாது என்பதும் விதிதான். அதை யாரும் நினைப்பதில்லை. எங்கள் கோவையில் 2017 ஜனவரியில் நடந்தது இது. முன்னால் போன கார் சட்டென்று நின்றது. பைக்கில் வந்த இன்ஜினியரிங் மாணவர் அதில் மோதி விழுந்தார், பின்னால் வந்த பஸ் அவர்மேல் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அவரை விட்டுவிட்டு, தப்பில் பஸ் 80, மாணவர் 20 சதவீதம் என்றது. உயர் நீதிமன்றம் கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்று மாற்றியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. இடைவெளி விடாததும் லைசென்ஸ் இல்லாததும் மாணவர் கணக்கு. நெடுஞ்சாலையில் சிக்னல் காட்டாமல் நின்றது கார்க்காரர் கணக்கு. இழப்பீடு 91 லட்சத்தைத் தாண்டியது.

நாமக்கல் லாரி:
நம்ம ஆட்களைப் பற்றி நானே சொல்கிறேன். டயர் வெடித்தால் ரோட்டிலேயே நிறுத்தி, பின்னால் நாலு தழையை ஒடித்துப் போட்டு, ரெண்டு கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ராத்திரியில் தழை யார் கண்ணுக்குத் தெரியும்? எங்கள் பழைய டிரைவர் ஒருவரிடம் இதைச் சொன்னால், "இத்தனை வருஷமா இப்படித்தான் தம்பி" என்பார்.

கோவை வக்கீல்:
அவரிடம் இதையும் சொல்லுங்கள் அண்ணா. லைட் போடாமல் ரோட்டில் நின்ற டேங்கர்மீது கார் மோதிய வழக்கு. அதுவும் 2018தான். எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சத்தில் டேங்கர் தெரியவில்லை என்றார்கள். கார் ஓட்டியவர்மேல் தப்பே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேளச்சேரிக்காரன்:
என் விஷயத்தில் தப்பு வேன்காரர்மேல் என்று முடிவானாலும் பம்பர் செலவு நம் தலையில்தான். வேனின் இன்சூரன்ஸில் வாங்க வேண்டுமென்றால் தீர்ப்பாயம், வாய்தா என்று அலைய வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. என் பாலிசியிலேயே கிளைம் போட்டேன், கிளைம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) போனதுதான் மிச்சம்.

மேம்பாலம்:
நமக்கு வேறு மாதிரி. பாலத்து ஏற்றத்தில் எல்லோரும் நின்றிருந்தோம். வண்டி நகர ஆரம்பித்ததும் முன்னால் இருந்த கார் பின்னால் உருண்டு வந்து என் பானட்டில் மோதியது. இறங்கி வந்தவர், "கண்ணு தெரியலையா?" என்கிறார். ரிவர்ஸ் லைட் எரியவே இல்லையாம், அதனால் அவர் பின்னால் வரவில்லையாம்! முதல் கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு உருண்டால் ரிவர்ஸ் லைட் எப்படி எரியும்? பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த அக்கா, "சார், நீங்கதான் உருண்டு வந்தீங்க, நான் பார்த்தேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கார்க்காரர் நம்பர் கொடுத்தார், மறுநாள் பணமும் அனுப்பினார். நான் அந்த வாரமே டேஷ்கேம் மாட்டிவிட்டேன்.